சிவாஜினி சபைக்கு வணக்கம் சொன்ன கதை

மொன்றியலின் வில்லரேப் பகுதியில் "செனட்டர் வீடு எது?" என்று கேட்டால் தமிழர், பிரெஞ்சுக்காரர் எல்லோரும் ஒரே படிக்கட்டைத்தான் காட்டுவார்கள். வாஷிங்டனில் இருக்க வேண்டிய ஆள் இங்கே ஒரு செங்கல் கட்டடத்துக்குள் என்ன செய்கிறார் என்று புதிதாக வருபவர்கள் முழிப்பார்கள். செனட்டரின் பெயர் சிவாஜினி. பிறந்த ஊர் கோண்டாவில். அந்தக் கட்டடத்தின் குடியிருப்பாளர் சங்கத்துக்கு ஆறு வருடம் தலைவியாக இருந்தவள். அமெரிக்காவுக்குள் அவள் ஒரு தடவைகூடக் கால் வைத்ததில்லை.

அவள் வாய் மூடியிருந்த காலம் என்று ஒன்றுண்டு. எண்பத்தெட்டில் வந்து இறங்கி, டவுன்டவுனில் ஓர் உணவகத்தில் கோப்பை கழுவிய காலம் அது. பாஷை தெரியாது. கதைக்காமல் இருந்தே வருத்தம் பிடித்தது என்று இப்போதும் சொல்லுவாள். பிறகு ஜான்-டலோன் சந்தையில் ஒரு மரக்கறிக் கடையில் வேலை கிடைத்தது. அங்கே கூவினால்தான் வியாபாரம். ஒரே கோடையில் பிரெஞ்சு அவள் வாயில் ஏறிவிட்டது. இலக்கணம் ஏறவில்லை, அதற்காக அவள் காத்திருக்கவும் இல்லை.

அவளும் டாக்சி ஓட்டும் கணவன் கிருபானந்தனும் குடியேறிய கட்டடத்தில் வீட்டுக்காரன் என்று ஒருவன் கிடையாது. குடியிருப்பவர்களே கூட்டுறவுச் சங்கமாகச் சேர்ந்து அதை நடத்தினார்கள். ஆளுக்கொரு வேலை: ஒருவர் படி கூட்டுவார், ஒருவர் குப்பை வைப்பார், ஒருவர் வாசல் பனியை அள்ளுவார். பனி அள்ளும் பொறுப்பு மேல்மாடியில் தனியே இருந்த அல்போன்சம்மாவுக்கு.

அல்போன்சம்மா பாசையூர்க்காரி. சிவாஜினிக்கும் அவருக்கும் பேச்சு இல்லை. இரண்டு வருடத்துக்கு முன் கட்டடத்தின் பொதுத் துணி உலர்த்தும் மெஷினில் இருந்து அவருடைய ஈர உடுப்புகளைச் சிவாஜினி எடுத்து வெளியே வைத்துவிட்டாள். அதற்கா இரண்டு வருடம் என்று கேட்காதீர்கள். இதைவிடச் சின்ன விஷயத்துக்கு இருபது வருடம் முகம் பாராமல் இருந்தவர்கள் எங்களுக்குள் உண்டு.

இரண்டாயிரத்து மூன்றாம் ஆண்டுக் குளிர்காலத்தில் வாசல் பனி அள்ளப்படவில்லை. சங்கம் மூன்று முறை கேட்டது. அல்போன்சம்மா பதிலே சொல்லவில்லை. காரணம் கீழ்வீட்டுச் சிவாஜினிக்குத் தெரியும். மேலே ஓர் அடி வைக்கும் சத்தம், பிறகு ஓர் இழுவை. மார்கழியில் ஐஸில் வழுக்கி விழுந்திருக்கிறார். ஆனால் யாரோ காலைப் பற்றி விசாரித்ததற்கு அவர் படிக்கட்டில் நின்று கட்டடம் முழுக்கக் கேட்கக் கத்தினார்: "என்ரை காலுக்கு ஒரு வருத்தமும் இல்லை. இனி ஆரும் என்ரை காலைப் பற்றிக் கதைச்சால் நானே வீட்டை விட்டுப் போயிடுவன்!"

மார்ச் கடைசி ஞாயிறு மத்தியானம், தேவாலயத்தின் கீழ்மண்டபத்தில் சங்கக் கூட்டம். அல்போன்சம்மாவை விலக்குவதா என்று வாக்கெடுப்பு. மாதம் முடியுமுன் முடிவெடுத்து அறிவித்தால்தான், மொன்றியலில் பாதிப்பேர் வீடு மாறும் ஜூலை முதலாந் திகதி அவரை வெளியே அனுப்பலாம். இது சங்கத்தின் விதி. நான்கு மணிக்கு அந்த மண்டபத்தில் கிழவிகளின் பிங்கோ விளையாட்டு. பிங்கோவை நிறுத்தப் பாதிரியாராலும் முடியாது. இது மண்டபத்தின் விதி.

அல்போன்சம்மா கோட்டைக் கழற்றாமல் கடைசி வரிசையில் சுவரைப் பார்த்து இருந்தார். தலைவர் முசியூ பெல்ரோஸ் தீர்மானத்தை வாசித்து, யாருக்காவது சொல்ல ஏதும் உண்டா என்றார். சிவாஜினி எழுந்தாள். உண்மையைச் சொன்னால் மனிசி சொன்னபடியே போய்விடும்; சொல்லாவிட்டால் இவர்கள் அனுப்பிவிடுவார்கள். நான்கு மணி வரைக்கும் கதைப்பதைத் தவிர வேறு வழியில்லை. எதைப் பற்றிக் கதைப்பது? தமிழ்ப் பள்ளிக்கூட விழா மேடைகள்தான் நினைவுக்கு வந்தன. சபைக்கு வணக்கம் சொல்லி முடிப்பதற்குள் தேத்தண்ணி ஆறிப்போகும் மேடைகள்.

"பெருமதிப்புக்குரிய தலைவர் பெல்ரோஸ் அவர்களே," என்று பிரெஞ்சில் தொடங்கினாள். "பனிப்புயலன்று என் கணவரின் டாக்சியைத் தனியாளாகத் தள்ளிவிட்ட பெருந்தோளரே!" பெல்ரோஸ் நிமிர்ந்து உட்கார்ந்தார். "இரண்டாம் மாடி மதாம் க்ளூத்தியே அவர்களே, யார் வீட்டுக் குழந்தை அழுதாலும் முதலில் கதவைத் திறப்பவரே! முசியூ டெசீர் அவர்களே, ஞாயிறு காலை பாடி எங்கள் எல்லோரையும் எழுப்புபவரே, உண்மையில் நன்றாகவே பாடுபவரே!"

சபை சிரித்தது, கை தட்டியது. அவள் வீடு வீடாக, ஆள் ஆளாகப் போனாள். குழந்தைகளையும் விடவில்லை. மூன்றாவது வரிசைக்கு வந்தபோது பெல்ரோஸ் குறுக்கிட்டார்.

"மதாம், விஷயத்துக்கு வாருங்கள்."

"நான் இன்னும் தொடங்கவேயில்லை, தலைவரே. எங்கள் வழக்கப்படி வணக்கம்தான் சொல்கிறேன்."

"விடுங்கள், அடுத்தது நான்!" என்று நாலாவது வரிசையில் இருந்து ஒருவர் கத்தினார். தீர்மானத்தைக் கொண்டுவந்தவரே அவர்தான். தன் பெயர் வருமுன் கூட்டம் முடிவதை ஒருவரும் விரும்பவில்லை. பெல்ரோஸ் தலையைச் சொறிந்துகொண்டு இருந்துவிட்டார்.

பிங்கோக் கிழவிகள் ஒவ்வொருவராக வந்து சுவரோரம் நின்று ரசிக்கத் தொடங்கினார்கள். சபையில் மிஞ்சியது ஒரு பெயர்தான். சிவாஜினி தமிழுக்கு மாறினாள்.

"அல்போன்சம்மா அக்கா, நீங்கள் ரெண்டு வருசமா என்னோடை கதைக்கேல்லை. உங்கடை உடுப்பைத் தூக்கி வெளியிலை வைச்சது என்ரை பிழைதான். ஆனா நீங்கள் போனால் பேந்து நான் ஆரோடை கோவிக்கிறது?"

வேடிக்கையாகச் சொல்லத்தான் நினைத்தாள். குரல் உடைந்துவிட்டது. ஒரு சொல்லும் விளங்காத சபை கடைசி வரிசையைத் திரும்பிப் பார்த்தது. அல்போன்சம்மா தலைத்துணியை முகத்தில் இழுத்துவிட்டுக்கொண்டார். அதற்குள் பிங்கோக்காரர்கள் மேசைகளை இழுக்கத் தொடங்க, வாக்கெடுப்பு இல்லாமலே கூட்டம் கலைந்தது. அந்த மாதமும் முடிந்தது, அவரை அனுப்பும் தவணையும் முடிந்தது.

"அமெரிக்கன் செனட்டர்மார் செய்யிற வேலையல்லோ இது! வாக்கெடுப்பு நடக்கக்கூடாதெண்டால் எழும்பி நிண்டு கதைச்சுக்கொண்டே இருப்பினம்," என்று வீட்டில் கிருபானந்தன் விழுந்து விழுந்து சிரித்தான். மறுநாள் அவன் டாக்சியில் ஏறியவர்களுக்கெல்லாம் சொன்னான். பெயர் ஒட்டிக்கொண்டது.

அடுத்த கூட்டத்தில் பனி அள்ளும் வேலையைத் தங்களுக்கு மாற்றித் தரும்படி சிவாஜினி கேட்டாள். சங்கத்தாரைத் தொலைபேசியில் அழைத்துக் கூட்டத்தை நினைவூட்டும் வேலை அல்போன்சம்மாவுக்குப் போனது. அவர் திட்டிய திட்டில் ஒருவரும் கூட்டத்துக்கு வராமல் இருக்கவில்லை. காலைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. சிவாஜினியோடு அவர் அப்போதும் பேசவில்லை.

ஐப்பசியில் தலைவர் தேர்தல். பெல்ரோஸ் இனி முடியாது என்று விலகிக்கொண்டார். யாரை முன்மொழிகிறீர்கள் என்று கேட்டபோது கடைசி வரிசையில் நாற்காலி கிறீச்சிட்டது. அல்போன்சம்மா எழுந்தார். கையில் ஒரு பொல்லு. அதை ஊன்றி, ஓர் அடியும் ஓர் இழுவையுமாக எல்லோரும் பார்க்க முன்னால் நடந்து வந்தார். ஒளிப்பதற்கு இனி ஒன்றுமில்லை என்பதுபோல் நிமிர்ந்து நின்றார்.

"இந்தச் சிவாஜினி ஒரு வாயாடி," என்று தெரிந்த பிரெஞ்சில் சொன்னார். "இவளைக் கண்ணில் காட்டக்கூடாது எனக்கு. கீழ்வீட்டில் இருந்து சத்தத்தைக் கேட்டு, என் காலைப் பற்றி இந்தக் கட்டடத்தில் முதலில் அறிந்தவள் இவள்தான். அதை மட்டும்தான் இவள் வாய் பேசவில்லை. வாக்கை இவளுக்கே போடுங்கள்."

கைகள் எல்லாம் உயர்ந்தன. சிவாஜினியின் கை மட்டும் உயரவில்லை. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.