மாவுக்கட்டுக் கால்

இதைக் கற்பனை என்று நீங்கள் நினைத்தால் எனக்கு நிம்மதிதான். ஆனால் நடந்தது. என் கிளினிக்கில், பட்டப்பகலில்.

நான் கால்நடை மருத்துவர். அந்த வெள்ளிக்கிழமை ஒரு தம்பதி பழுப்பு நாயொன்றைத் தூக்கிவந்தார்கள். முன்னங்கால் முறிந்திருந்தது. எக்ஸ்ரேயில் விலா எலும்புகளிலும் முறிவுகள். சில புதியவை, சில எப்போதோ முறிந்து தானாகக் கூடியவை. ஒரு முறை விழுந்து வந்த காயங்கள் அல்ல அவை.

"படியில உருண்டுட்டான் டாக்டர்," என்றான் கணவன். "இவளும்தான் மாசத்துக்கு ஒரு தடவை விழறா. ரெண்டுக்கும் நல்ல ஜோடிப் பொருத்தம்!"

நானும் சிரித்துவைத்தேன்.

போன் வர, அவன் வெளியே போனான். அவள் குனிந்தாள். கழுத்தில் விரல் தடங்கள்.

"அக்கா... எங்க வீட்ல படியே இல்ல. தம்பிய இங்கயே வச்சுக்கோங்களேன்."

நாயைத்தான் தம்பி என்றாள்.

வெளியே பதினோரு பேர் காத்திருந்தார்கள். மாவுக்கட்டுப் போட்டு அனுப்பிவிட்டேன். நாயின் சிகிச்சை அட்டையில் எழுதினேன்: 'படியில் விழுந்தது.'

திங்கட்கிழமை நாய் பிணமாக வந்தது. வயிற்றில் உதை. நானே பையில் வைத்துக் கட்டினேன்.

வியாழக்கிழமை. மதிய இடைவேளை. கதவைப் பூட்டிவிட்டுத் தனியாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

இரண்டு மணி பத்து நிமிடம்.

டிக்... டிக்... டிக்... டொக்.

வராந்தாவில் மூன்று கால்களின் நகங்கள். நான்காவது... மாவுக்கட்டு.

கதவடியில் பிறாண்டல். கதவின் கண்ணாடியில், முழங்கால் உயரத்தில், ஈர மூக்குத் தடம் ஒன்று விழுந்தது.

கண்ணாடிக்குப் பின்னால் எதுவுமில்லை.

சத்தம் தெருப்பக்கம் போனது. நின்றது. திரும்பி வந்தது. மறுபடியும் போனது...

ஆளைக் கூட்டிப்போக நினைக்கும் நாய் அப்படித்தான் செய்யும். எனக்குத் தெரியும்.

நான் எழவில்லை. ரேடியோவைச் சத்தமாக வைத்தேன்.

இரண்டு முப்பத்தைந்து. ஒரு முனகல்.

பிறகு ஒன்றுமில்லை.

நான்கு மணிக்குப் பெருக்க வந்த அக்கா சத்தம் போட்டாள். "வாசல் பூரா வெள்ளைத் தூளு! எந்த நாய்க்கு டாக்டரம்மா இங்க வச்சுக் கட்டுப் பிரிச்சீங்க?"

சனிக்கிழமை ஒரு போலீஸ்காரர் வந்தார். வழக்குக்கு நாயின் எக்ஸ்ரே வேண்டுமாம். நாயைத் தம்பி என்றவள் இறந்துவிட்டாள்.

"எப்போ?" என்றேன்.

"வியாழக்கிழமை. ரெண்டு மணிக்கு அடிச்சுப் போட்டுட்டு, வெளியில பூட்டிட்டுப் போயிட்டான். உங்களுக்கு அடுத்த தெருதான் டாக்டர். கதவு வரைக்கும் ஊர்ந்து வந்திருக்காங்க..."

அவர் தொப்பியைக் கழற்றினார்.

"மூணரை வரைக்கும் உயிர் இருந்திருக்கு."