பால்கனியை இறக்கிய குரல்

ஒடெஸ்ஸா ப்ரூயிட் சிகாகோவின் தெற்குப் பகுதியில் ஒரு சலவைக்கூடத்தில் இஸ்திரி போடுகிறவள். வாரம் முழுக்க நீராவியில் வெந்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை வெள்ளை உடுப்பும் வெள்ளைத் தொப்பியுமாகத் தேவாலயச் சபையின் நர்ஸ் குழுவில் வந்து நிற்பாள். நர்ஸ் படிப்பெல்லாம் படித்தவள் இல்லை. பாட்டு நடக்கும்போது பரவசம் வந்து விழுகிறவர்களைத் தலை தரையில் மோதாமல் பிடிக்க வேண்டும், விசிற வேண்டும், கழன்று ஓடிய செருப்பைத் தேடிக் கொடுக்க வேண்டும். அதுதான் வேலை. ஆள் உயரம், தோளும் அகலம். எவ்வளவு கனமான பெண்மணியானாலும் அக்குளில் கை கொடுத்து ஒரே தூக்காகத் தூக்கிவிடுவாள்.

அந்த வேலையால் அவளுக்கு ஒரு லாபம் உண்டு. ஊருக்கு வந்து பாடிய பெரிய பாடகர்கள் அத்தனை பேரையும் மேடைக்குக் கீழேயே நின்று பார்த்திருந்தாள். அலபாமாவிலிருந்து வந்த பார்வையில்லாத கிழவர் ஒருவர் கையைக்கூட அசைக்காமல் பாடி ஆயிரம் பேரை எழுப்பி நிறுத்தியதைப் பார்த்தாள். மெம்பிஸ் அண்ணன் தம்பிகள் நால்வரில் கடைக்குட்டி தாழ்ந்த குரலில் இறங்கும்போது நாற்காலிக் கம்பிகள் அதிர்வதைத் தொட்டுப் பார்த்திருக்கிறாள். அவர்களைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் நிறுத்தமாட்டாள்.

ஒரே ஒருத்தியை மட்டும் அவளுக்குப் பிடிக்காது. லவீனியா க்ரௌடர். அந்த நாளில் லவீனியா பெயரைச் சொன்னாலே டிக்கெட் தீர்ந்துவிடும். உச்சத்தில் ஏறி, அங்கேயே நின்று, கூட்டம் துடித்த பிறகும் இறங்கமாட்டாள். கொத்துக்கொத்தாக விழுவார்கள். லவீனியா பாடிவிட்டுப் போனால் ஒடெஸ்ஸாவுக்கு மறுநாள் இடுப்பு வலிக்கும்.

"பாடறாளா அவ? வேணும்னே தள்ளி விடறா" என்பாள் தங்கை மெர்ட்டிஸிடம்.

"உனக்குப் பொறாமைக்கா. நீ வாயத் தொறந்தா சலவைக்கூடத்துப் பூனைகூட ஓடிப்போவுது."

ஒரு வருஷம் பிப்ரவரியில் ஒரு ஞாயிறு மதியம் லவீனியா பாட வந்தாள். பழைய சினிமாக் கொட்டகை ஒன்றை வாங்கிச் சபையாக்கியிருந்தார்கள், அங்கேதான் நிகழ்ச்சி. ஏற்பாடெல்லாம் சபை நிர்வாகி டீக்கன் கெயின்ஸ். கீழே இடம் நிறைந்து, ஓரங்களிலும் ஆள் நின்றார்கள். மெர்ட்டிஸ் தாமதமாக வந்து, முன்வரிசையில் நர்ஸ்களுக்கு ஒதுக்கிய பெஞ்சில் ஒரு ஓரம் கேட்டாள்.

"அவ பாட்டைக் கேக்க உனக்கு என் பெஞ்சு வேணுமா? மேல போய் உக்காரு" என்று அனுப்பிவிட்டாள் ஒடெஸ்ஸா.

அன்று ஒடெஸ்ஸாவைப் பால்கனிக்கு அடியில், இடது பக்கத் தூணருகே நிற்கச் சொல்லியிருந்தார்கள். லவீனியா இரண்டாவது பாட்டை எடுத்ததும் மேலே இருந்தவர்கள் எழுந்துவிட்டார்கள். பாட்டின் தாளத்துக்கு எல்லாக் கால்களும் ஒன்றாக விழுந்தன. ஒடெஸ்ஸாவின் கைமேல் வெள்ளையாக ஏதோ கொட்டியது. பவுடர் என்று நினைத்துத் தட்டிவிட்டாள். மறுபடி கொட்டியது. சுண்ணாம்பு. அண்ணாந்து பார்த்தாள். தூணும் உத்தரமும் சேரும் இடத்தில் ஒரு கோடு. கால்கள் விழும்போது அந்தக் கோடு வாயைத் திறந்தது; எழும்போது மூடிக்கொண்டது.

தூணில் உள்ளங்கையை வைத்தாள். தூண் துள்ளிக்கொண்டிருந்தது.

டீக்கன் கெயின்ஸ் வாசல் பக்கம் நின்றிருந்தார். அவரைக் கையைப் பிடித்து இழுத்து வந்து காட்டினாள். அவர் முகம் சாம்பலாகிவிட்டது. ஆனாலும் தலையை ஆட்டினார்.

"பழைய கட்டடம் சிஸ்டர். காரை உதிரத்தான் செய்யும்."

"கண்ணு இருக்கில்ல டீக்கன்? தொறந்து தொறந்து மூடுது பாருங்க."

"பாத்தேன்" என்று அவர் குரலைத் தாழ்த்தினார். "என்ன செய்யச் சொல்றீங்க? பால்கனி விழப்போவுதுன்னு மைக்கில சொல்லவா? மேலேர்ந்து இறங்க ஒரே படிக்கட்டு, அதுவும் ரெண்டு பேர் சேர்ந்து நடக்க முடியாது. அந்தப் படியிலேயே மிதிபட்டுச் சாவாங்க. இந்தப் பாட்டு முடியட்டும்."

"அவ பாட்டு எப்ப முடிஞ்சிருக்கு?"

 அவர் சொன்னது நியாயம்தான் என்று அவளுக்கும் தெரிந்தது. கத்தினால் படிக்கட்டில் சாவு, கத்தாவிட்டால் இங்கே. மெர்ட்டிஸ் மேலே எந்த வரிசையில் இருக்கிறாள் என்றுகூடத் தெரியாது.

பாடகர்களுக்கு மேடையில் போர்த்துவதற்கென்று நர்ஸ்களிடம் ஒரு வெள்ளைச் சால்வை இருக்கும். அதை எடுத்துக் கையில் மடித்துப் போட்டுக்கொண்டு, நடுப்பாதையில் நடந்தாள். ஓடக்கூடாது, ஓடினால் பார்த்துவிடுவார்கள் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டே நடந்தாள். லவீனியா விழப்போகிறாள், பிடிக்க நர்ஸ் வருகிறாள் என்று கூட்டம் நினைத்தது. அதில் இன்னும் பலமாகக் காலைத் தட்டினார்கள்.

மேடைப் படியேறி, லவீனியாவின் தோளில் சால்வையைப் போட்டு, காதருகே குனிந்தாள். லவீனியா கண்ணை மூடி உச்சத்தில் நின்றிருந்தாள். கழுத்து நரம்பு புடைத்திருந்தது.

"பால்கனி இறங்குது. தட்டறத நிறுத்தணும். கூட்டம் கலைஞ்சு ஓடினா செத்துருவாங்க."

கண் திறந்தது. பாட்டு நிற்கவில்லை. அந்த வரியை முடித்து, முகத்தில் சிரிப்போடு மைக்கிலிருந்து தலையைத் திருப்பினாள்.

"எந்தப் பக்கம்?"

"உங்க வலது கைப்பக்கம்."

லவீனியா கையைத் தூக்கினாள். பியானோ நின்றது, மத்தளம் நின்றது. தாளத்தில் கடைசியாக ஒரு தட்டு விழுந்து, அதுவும் ஓய்ந்தது. அந்த அமைதியில் எல்லோருக்கும் உத்தரத்தின் முனகல் கேட்டுவிடும் என்று ஒடெஸ்ஸா பல்லைக் கடித்தாள். அதற்குள் லவீனியா தாழ்ந்த குரலில், வார்த்தையே இல்லாமல், வெறும் 'ம்' என்று எடுத்துவிட்டாள்.

"இன்னிக்கி எனக்குக் கால் சத்தம் வேணாம்" என்று பாட்டுக்கும் பேச்சுக்கும் நடுவில் ஒரு குரலில் சொன்னாள். "மேல இருக்கறவங்க மொகம் எனக்குத் தெரியல. மொகம் தெரியாதவங்களுக்கு நான் எப்படிப் பாடுவேன்? என் வலது ஓரத்துல இருக்கறவங்க மொதல்ல எறங்கி வாங்க. ஓடி வராதீங்க. உங்க அம்மாவோட சவப்பெட்டிக்குப் பின்னால நடந்தீங்களே, அப்படி நடந்து வாங்க."

மேலே ஒரு தயக்கம். பிறகு ஒரு பெண்மணி எழுந்தாள். அவள் பின்னால் ஒரு வரிசை எழுந்தது.

ஒடெஸ்ஸா பக்கவாட்டு வழியாகப் படிக்கட்டுக்குப் போய் நடுப்படியில் நின்றாள். வந்தவர்கள் ஒவ்வொருவர் முழங்கையையும் தொட்டுக் கீழே விட்டாள். டீக்கன் கெயின்ஸ் வாசல் கதவுகளை எல்லாம் திறந்து, கீழே இருந்தவர்களையும் மெல்ல வெளியே நகர்த்தினார். சிலர் முணுமுணுத்தார்கள். லவீனியா நிறுத்தாமல் முனகிக்கொண்டிருந்தாள். மூச்சு எங்கே வாங்குகிறாள் என்று தெரியவில்லை.

பாதிப் பேர்கூட இறங்கவில்லை. மேலே ஒரு மனிதருக்குப் பரவசம் வந்துவிட்டது. எழுந்து குதித்தார். ஒரு முறைதான். பால்கனி முன்பக்கமாகச் சரிந்து நின்றது. பலகை அளவுக்குக் காரை பெயர்ந்து, காலியான பெஞ்சுகள்மேல் விழுந்து உடைந்தது. கீழே ஒரு பெண் வீறிட்டாள்.

படிக்கட்டில் இருந்தவர்களின் உடம்பு முன்னால் பாய்வதை ஒடெஸ்ஸா தன் நெஞ்சில் உணர்ந்தாள். இரண்டு கைகளையும் சுவரில் ஊன்றினாள். தள்ளினால் முதலில் நசுங்குகிறவள் அவள்தான்.

அப்போது லவீனியா அந்த அலறலையே பிடித்துக்கொண்டாள். அந்தப் பெண் எந்த உயரத்தில் கத்தினாளோ அதே உயரத்தில், அதே வலியோடு குரலை எடுத்து, அதை ஒரு நீண்ட அழைப்பாக்கி, படிப்படியாகக் கீழே கொண்டுவந்தாள். அலறல் எங்கே முடிந்தது, பாட்டு எங்கே தொடங்கியது என்று யாராலும் சொல்லியிருக்க முடியாது. கத்தியவளே அதைக் கேட்டு வாயை மூடிக்கொண்டாள். படிக்கட்டில் தள்ளல் தளர்ந்தது. முதல் ஆள் ஒரு படி எடுத்து வைத்தார். மெதுவாக.

கடைசி ஆள் இறங்கியும் மெர்ட்டிஸ் வரவில்லை. தங்கையைப் பார்த்தாரா என்று ஒடெஸ்ஸா அவரைக் கேட்டாள்.

"நீலத் தொப்பி போட்ட அம்மாவா? மயங்கிக் கெடக்காங்க, முன்வரிசையில" என்றார் அந்தக் கடைசி ஆள்.

ஒடெஸ்ஸா மேலே போனாள். தரை மெத்தைபோல அமுங்கியது. முன்வரிசை கீழே சாய்ந்திருந்தது. நாற்காலிகளைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தபடியே நகர்ந்தாள். மெர்ட்டிஸ் இரண்டு நாற்காலிகளுக்கு நடுவே, வாய் சற்றுத் திறந்து, நிம்மதியாகக் கிடந்தாள். முதல் பாட்டிலேயே விழுந்திருக்கிறாள். ஒடெஸ்ஸா அவள் அக்குளில் கை கொடுத்தாள். சாய்ந்த தரையில் கால் வழுக்கியதால் தூக்கு சரியாக விழவில்லை. மறுபடி தூக்கினாள்.

மெர்ட்டிஸ் கண் விழித்தாள். "பாடி முடிச்சுட்டாளா?"

"இல்ல. வாய மூடிக்கிட்டு நட."

"ஏன்க்கா எல்லாம் சாஞ்சிருக்கு?"

"நடடின்னா."

அவர்கள் கீழே வரும்போது லவீனியா மேடையை விட்டு இறங்கி, நடுப்பாதையில் பாடிக்கொண்டே வாசலுக்கு நடந்துகொண்டிருந்தாள். மைக் இல்லாமல் அந்தக் குரல் மிகச் சிறியதாக இருந்தது. கடைசிக் கூட்டம் அவள் பின்னால் பனியில் இறங்கியது. பாதிப் பேருக்குக் கோட்டு இல்லை.

எல்லோரும் தெருவைக் கடந்த பிறகு உள்ளே சத்தம் கேட்டது. நிலவறைக்குள் வண்டி நிறையக் கரி கொட்டுகிற மாதிரி நீளமான சத்தம். கதவுகள் வழியாகத் தூசி புகைபோல வெளியே வந்தது.  பிறகு ஒரு கிழவர் தொப்பியைக் கழற்றினார். அழுகை ஆரம்பித்தது.

லவீனியா ஒரு காரின் படியில் உட்கார்ந்திருந்தாள்.  தோளிலிருந்து நழுவிய சால்வையை ஒடெஸ்ஸா இழுத்துப் போர்த்தினாள்.

"உங்களை எனக்குத் தெரியும்" என்றாள் லவீனியா. குரல் கிழிந்து காற்றாக வந்தது. "நான் பாடும்போதெல்லாம் வெளக்கெண்ணெ குடிச்ச மாதிரி ஒரு மூஞ்சி வெச்சுக்கிட்டு நிப்பீங்க."

"ஆமா."

"இன்னிக்கி எப்படி இருந்துச்சு?"

ஒடெஸ்ஸா உண்மையைத்தான் சொன்னாள். "அந்தப் பொம்பளையோட அலறலை நீங்க எடுத்தீங்களே, அத மட்டும்தான் கேட்டேன். மத்ததெல்லாம் காதுல விழல, சிஸ்டர். ஆனா அதுக்கு மேல ஒருத்தர் பாட முடியாது."

லவீனியா சிரிக்கப் பார்த்தாள். இருமல்தான் வந்தது.

டீக்கன் கெயின்ஸ் அடுத்த ஞாயிறு சபை முன்னால் எழுந்து, விரிசலை முதலில் காட்டியவள் சிஸ்டர் ப்ரூயிட், தயங்கி நின்றவன் நான் என்று சொல்லி உட்கார்ந்தார். 

லவீனியாவின் உச்சக் குரல் அதற்குப் பிறகு திரும்பவில்லை. டாக்டர்கள் சொன்னபடி ஒரு வருஷம் வாய் திறக்காமல் இருந்து பார்த்தாள், பயனில்லை. கூட்டம் குறைந்தது, பெரிய அரங்குகள் கூப்பிடுவதை நிறுத்தின. கேரி நகரத்தில் ஒரு சின்னச் சபையில் அவள் பாடுகிறாள் என்று கேள்விப்பட்டு, அக்காவும் தங்கையும் பஸ் பிடித்துப் போனார்கள். ஒடெஸ்ஸா சாதாரண உடுப்பில், டிக்கெட் வாங்கி உட்கார்ந்தாள்.

தாழ்ந்த குரலில் மூன்று பாட்டு. நடுவில் ஒரு இடத்தில் குரல் உடைந்தது. யாரும் விழவில்லை. மெர்ட்டிஸ் கைக்குட்டையைக் கசக்கிக்கொண்டு, "முன்ன மாதிரி இல்லக்கா" என்றாள்.

"இல்லதான்" என்றாள் ஒடெஸ்ஸா. "பேசாம கேளு."