பனியில் உறங்கும் பிள்ளைகள்

நோர்வேயில் கைக்குழந்தைகளைத் தள்ளுவண்டியோடு கடை வாசலில் உறங்கவிட்டு, தாய்மார் உள்ளே காப்பி குடிக்கிறார்கள். பனி கொட்டினாலும் அப்படித்தான். என் மகளும் பழகிவிட்டாள். சென்ற வாரம் பேரப்பிள்ளையின் வண்டியைப் பிடித்தபடி நான் வெளியே நின்றேன். ஒரு பெண் நெருங்கி, ஏதும் பிரச்சினையா என்று ஆங்கிலத்தில் கேட்டாள். குழந்தைக்குக் காவல் நிற்கிறேன் என்றேன். "யாரிடமிருந்து?" என்றாள். வண்டியை இன்னும் இறுகப் பிடித்துக்கொண்டேன். வழி தவறிய கிழவன் என்று எண்ணி என் முகவரியை விசாரித்தாள். மகள் சிரித்துக்கொண்டு வந்தாள். "அப்பா, இங்க எல்லாரும் உங்களத்தான் சந்தேகமா பாக்குறாங்க. உள்ள வாங்க."

இலங்கையில், கந்தப்பளைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டப் பள்ளியில் அப்போது நான் ஆசிரியன், ஞாயிறுகளில் சபையில் பிரசங்கம் செய்யும் உபதேசியார். மனைவியும் ஆசிரியை. கொழுந்து பறிக்கும் பெண்களைப் போலவே நாங்களும் மகளைத் தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில் விட்டுத்தான் வேலைக்குப் போவோம். அங்கே ஆயா செல்வமணி, எங்கள் சபைக்காரி. ஒருநாள் காலை, மனைவி முன்னதாகப் போய்விட்டாள். நான் பிரசங்கம் எழுதிக்கொண்டிருந்தேன். கவலைப்படாதிருங்கள் என்பதுதான் பொருள். குழந்தை கட்டிலிலிருந்து விழுந்தது. அழுகை அடங்கியதும் ஒன்றும் சொல்லாமல் காம்பராவில் விட்டுவிட்டுப் போனேன். மதியம் நெற்றி வீங்கியதைக் கண்டு மனைவி பதறினாள். "காம்பராவுல விழுந்திருக்கும்" என்றேன். விஷயம் தோட்டத்தை நிர்வகிக்கும் துரையிடம் போனது. அங்கேயும் அதையே சொன்னேன். "கர்த்தர் சாட்சியா நான் கீழ போடல தொர" என்று செல்வமணி அழுதாள். அவளை ஆயா வேலையிலிருந்து நீக்கி, கொழுந்து பறிக்க மலைக்கு அனுப்பினார்கள். அந்த ஞாயிறு நான் எழுதிவைத்த பிரசங்கத்தைத் தடுமாறாமல் செய்து முடித்தேன்.

அடுத்த பள்ளித் தவணையில் அவள் தன் மகளை என் முதலாம் வகுப்புக்குக் கொண்டுவந்து, கையைப் பிடித்து என் கையில் தந்தாள். "பாத்துக்கங்க சார்." வேறு பள்ளி இல்லாததால் வந்தாள் என்று நினைத்துக்கொண்டேன். முப்பது வருடங்களுக்கு மேல் அப்படித்தான் நினைத்தேன்.

"யாரிடமிருந்து?" என்ற கேள்வி என்னை விடவில்லை. ஊரிலுள்ள உறவினர் மூலம் எண் வாங்கி, செல்வமணியைத் தொலைபேசியில் அழைத்து, நடந்ததைச் சொன்னேன்.

"தெரியும் சார். காலையில கொண்டாந்தப்பவே பாப்பா நெத்தி செவந்திருந்துச்சே."

"பிறகு ஏன் சொல்லல்ல?"

"வாத்தியார் சொல்றத விட்டுட்டு ஆயா சொல்றத எந்தத் தொர கேப்பாரு? டீச்சரம்மா காதுல விழுந்திருந்தா, ஒங்க கதி என்னாகிறது?" சிரித்தாள். இருமினாள்.

"அதுக்குப் பிறகும் உன் பிள்ளைய என்னை நம்பி விட்டியே."

"ஒங்கள நம்பியா விட்டேன்? கர்த்தர் இருக்காருன்னு விட்டேன்."

மன்னிப்புக் கேட்கச் சேர்த்துவைத்திருந்த சொற்கள் ஒன்றுக்கும் உதவவில்லை.

ஞாயிறன்று இங்குள்ள கோயிலில் எல்லோரும் எழுந்து தங்கள் மொழியில் விசுவாசப் பிரமாணம் சொன்னார்கள். தமிழில் எனக்கு அது ஓர் எழுத்துப் பிசகாமல் தெரியும். வாய் திறக்காமல் நின்றேன். கந்தப்பளையில் அப்போது பின்னேரம். செல்வமணி விறகுக்குப் போயிருப்பாள். அவளோடு அவரும் போயிருக்க வேண்டும். அந்தப் பெரிய கோயிலில் என் பக்கத்து இடம் காலியாக இருந்தது.