முன்னால் விழுந்த அட்சதை

பேய், ஆவி என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். சிசிடிவி கேமரா மாட்டுவது என் தொழில், அதில் எந்தக் கோளாறுக்கும் காரணம் ஒயராகவோ வைஃபையாகவோதான் இருக்கும். நீங்களும் நம்பப் போவதில்லை, பரவாயில்லை, நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

புத்தூரில் என் பக்கத்து வீட்டு சரோஜா அக்காவின் மகள் கல்பனாவுக்கு நகரியில் கல்யாணம். அக்கா திருப்பதி ஆஸ்பத்திரியில் எழுந்திருக்க முடியாமல் கிடந்தார், ஆனாலும் கல்யாணத்தைத் தள்ளிப்போடக் கூடாது என்றுவிட்டார். அவர் கேட்டது ஒன்றுதான். மகள் கழுத்தில் தாலி ஏறுகிற அதே நேரத்தில், படுத்தபடியே அவரும் அட்சதை போட வேண்டும். வீடியோக்காரர் தன் சேனலில் நேரலை விடுவதாகச் சொன்னார், அதில் படம் அரை நிமிடம் பிந்தித்தான் போகும். முகூர்த்தம் முடிந்தபிறகு போடுகிற அட்சதை எதற்கு? வேலை என் தலையில் விழுந்தது.

காலையிலிருந்தே எரிச்சல். சேனல் எதுவும் வேண்டாமென்று கேமராவிலிருந்து நேராக ஆஸ்பத்திரியில் இருந்த டேப்லெட்டுக்கு இணைப்புக் கொடுத்தேன். மண்டபத்து வைஃபையில் பாதி ஊர் ரீல்ஸ் பார்த்துக்கொண்டிருந்தது, அதை விட்டுவிட்டு ரௌட்டரிலிருந்து கேபிள் இழுத்தேன், அந்தக் கேபிள்மேல் சமையல்காரர் பாயச அண்டாவை இறக்கி வைத்தார். படத்தின் தரத்தைக் குறைத்தேன், படத்தைத் தேக்கி வைத்துக் காட்டுகிற பஃபரையும் டேப்லெட்டில் குறைக்க வைத்தேன். தாமதத்தை அளக்க, ஸ்டாப்வாட்ச் ஓடுகிற ஒரு போனைக் கேமரா முன்னால் பிடித்துக்கொண்டு, இன்னொரு போனைக் காதில் வைத்தேன். ஆஸ்பத்திரியில் அக்காவுக்குத் துணையாக இருந்த அவர் தங்கை வசந்தி, திரையில் தெரிகிற எண்ணைப் படித்துச் சொல்ல வேண்டும். முதலில் மூன்று நொடி பிந்தியது, பிறகு ஒன்று.

"முப்பத்தொண்ணு தம்பி," என்றார் வசந்தி. என் கையில் முப்பதுதான் ஓடிக்கொண்டிருந்தது.

"சரியா பாத்து சொல்லுக்கா! வராத நம்பர எப்டி படிக்கிற?"

"எனுக்கு இன்னா கண்ணு அவிஞ்சா பூட்சு? தெரியறதத்தான் சொல்லிக்கினு கீறேன்."

நாதஸ்வரம் தொடங்கிவிட்டது, சண்டை போடக்கூட நேரமில்லை, போய்த் தொலையட்டும் என்று விட்டுவிட்டேன்.

தேங்காய்மேல் தாலியை வைத்த தட்டு, எல்லோரிடமும் ஆசி வாங்கிக்கொண்டு என்னிடம் வந்தது. தாலியைத் தொட்டுக் கும்பிடப் போனபோது போன் அடித்தது. வசந்தி அக்கா அழுதுகொண்டிருந்தார்.

"தாலி ஏறினத அக்கா பாத்துட்சு தம்பி. அட்சதைய போட்டுட்டு, கல்பனான்னு ஒருவாட்டி கூப்ட்டுச்சு. பொண்ணும் நிமிந்து பாத்து சிரிச்சுது. அவ்ளோதான், கண்ண மூடிக்கிச்சு. மூச்சே இல்ல தம்பி."

நம்பினால் நம்புங்கள், தாலி அப்போது என் விரலுக்கடியில் இருந்தது, மஞ்சள் ஈரம்கூடக் காயவில்லை. தட்டை அடுத்தவரிடம் கொடுத்தேன். கல்யாணம் நின்றுவிடக் கூடாதே என்று, "இங்க யாருக்கும் சொல்லாதக்கா," என்று மட்டும் சொல்லி வைத்தேன். மணமேடையைப் பார்த்துக்கொண்டு நான் நின்ற நிலை எனக்குத்தான் தெரியும்.

கெட்டிமேளம் கொட்டியது. மாப்பிள்ளை தாலி கட்டினார், அட்சதை விழுந்தது. குனிந்திருந்த கல்பனா சட்டென்று நிமிர்ந்து என் கேமராவைப் பார்த்துச் சிரித்தாள்.

கேமராவின் மெமரி கார்டை எத்தனையோ முறை போட்டுப் பார்த்துவிட்டேன். நேரமெல்லாம் சரியாகத்தான் இருக்கிறது. என் போனில் பதிந்த வசந்தி அக்காவின் அழைப்பு முதலில், கார்டில் தாலி பிறகு. இதற்கு எந்த செட்டிங்கைக் குறை சொல்வது என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை, அந்தக் கோபம் வேறு.

காரியமெல்லாம் முடிந்து சில மாதம் கழித்து, அன்றைக்கு ஏன் நிமிர்ந்து பார்த்தாய் என்று கல்பனாவிடமே கேட்டேன்.

"அம்மா கூப்ட்டுச்சே மாமா. நீங்க வெச்ச ஸ்பீக்கர்லதான வந்துச்சு?"

நான் தலையை ஆட்டிவிட்டு வந்துவிட்டேன். மண்டபத்தில் நான் ஸ்பீக்கரே வைக்கவில்லை.