ஃபரீதா டீச்சர் கேட்ட பெரிய பட்டி

பல்லேகலைச் சந்தியில் பஸ்ஸுக்கு நின்றபோது கைபேசி அதிர்ந்தது. எங்கள் பாடசாலை ஆசிரியர் குழுவில் "இன்னாலில்லாஹி" என்று தொடங்கிய ஒரு செய்தி, அதன் கீழே ஃபரீதா டீச்சரின் பெயர். அவருடைய உம்மாவுக்கு ஏதோ ஆகிவிட்டது, அதைத்தான் அறிவித்திருக்கிறார் என்று நினைத்தேன். மரணச் செய்தியானாலும் மழைக்கு விடுமுறை என்ற செய்தியானாலும் அந்தக் குழுவில் முதலில் போடுகிறவர் அவர்தான். மறுபடி வாசித்த பிறகுதான் செய்தியைப் போட்டவர் அதிபர் என்பதும், போனவர் ஃபரீதா என்பதும் விளங்கியது. டெங்குக் காய்ச்சல் என்று ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். "வாட்டுல சாப்பாடு வாயில வைக்க ஏலாது, வந்து நானே சமைச்சுக் காட்டணும்" என்று முந்தின நாள்தான் குரல் செய்தி அனுப்பியிருந்தார். பாடசாலைக்குப் போகும் பஸ்ஸை விட்டுவிட்டு, அவர் ஊரான திகனவுக்குப் போகும் பஸ்ஸில் ஏறினேன்.

ஜனாஸா வீட்டில் பெண்கள் இருந்த அறை நிரம்பியிருந்தது. ஃபரீதாவின் மூத்த மகள் நுஸ்ரா சுவரோடு ஒட்டி உட்கார்ந்திருந்தாள். முதல் பிள்ளையைச் சுமந்துகொண்டிருக்கிறவள், உம்மாவின் பெருத்த உடம்பை அப்படியே வாங்கி வந்தவள். அவளுக்குப் பக்கத்தில் இருந்த ஒரு பெண் பெருமூச்சு விட்டுச் சொன்னார்: "என்ன செய்ற, அந்த ஒடம்பு தானே கொண்டு போன. மகள், நீங்களும் பாத்து இருங்கோ."

எனக்குச் சுர்ரென்று வந்தது. இழவு வீட்டில் வாயை அடக்க வேண்டும் என்று தெரியும். அடக்கவில்லை.

"டெங்குல போனவங்கள ஏங்க ஒடம்புல போனதா சொல்றீங்க? கொசு என்ன, நிறை பாத்தா கடிக்குது?"

பெருத்த உடம்பில் காய்ச்சல் கடுமையாகலாம் என்று ஒரு வைத்தியர் சொன்னால் உட்கார்ந்து கேட்பேன். பிளேன்டீ குடிக்க வந்தவர் சொன்னால் கேட்க மாட்டேன். ஆனால் நுஸ்ரா அந்தப் பேச்சைக் கேட்டுவிட்டாள். தலையைக் குனிந்து அபாயாவை வயிற்றின் மேல் இழுத்து விட்டுக்கொண்டாள். அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன். ஃபரீதாவை அறிந்த உங்களிடம் அவர் எப்படி இருந்தார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அவரை அவருடைய நிறையை வைத்து மட்டும் நினைக்கப் போகிறவர்களிடம்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

அவர் எங்கள் பாடசாலையின் மனையியல் ஆசிரியை. ருசி பார்த்தே பெருத்தவர் என்று பின்னால் சிரிப்பார்கள். ஆசிரியர் அறைக்கு நான் புதிதாக வந்த நாட்களில், ஒருநாள் அவர் உட்கார்ந்த பிளாஸ்டிக் கதிரை மடங்கி உடைந்தது. விழுந்தவரைத் தூக்க ஓடினோம். எனக்கு அவரை விடப் பயம், ஏனென்றால் நானும் அந்த ரகம். கதிரையின் விளிம்பில் பாதி உட்கார்ந்து, மீதி நிறையைக் காலில் தாங்கியே ஒரு பாடசாலைத் தவணையை ஓட்டியிருந்தேன். ஃபரீதா எழுந்து புடவையைத் தட்டிவிட்டு, கதிரையின் உடைந்த காலைக் கையில் எடுத்தார். நேரே அதிபரிடம் போனார். "சேர், கதிரை மௌத்தாகிட்டு. நான் நல்லா ஈக்கேன். மரக்கதிரை ரெண்டு வேணும்." ஏன் இரண்டு என்று அதிபர் கேட்டபோது என்னைக் காட்டினார். வெட்கத்தில் செத்துப்போகலாம் போலிருந்தது. கதிரைகள் வந்த அன்றுதான் அந்த அறையில் முதன்முதலாக முழுதாக உட்கார்ந்தேன்.

கல்யாணமாகிப் பல வருடம் கழித்து எனக்குப் பிள்ளை தங்கியது. புசல்லாவையிலிருந்து அம்மா அழுதுகொண்டே போன் பேசினார். என் கணவர் செல்வம் பேச்சு வராமல் தேங்காய் உடைத்தார். என் மாமியாரோ என்னை மேலும் கீழும் பார்த்து, "இந்த ஒடம்புல புள்ளைக்கு எடம் இருக்குமா?" என்றார். கிளினிக்கில் அதை விடப் பெரிய பூசை காத்திருந்தது. எங்கள் கிளினிக்கில் ஒரு பழக்கம் உண்டு. நிறை பார்க்கிறவர் ஒருவர், அதைக் கொப்பியில் எழுதுகிறவர் மண்டபத்தின் மறுமூலையில் ஒருவர். இடையில் வாங்குகளில் ஊரே உட்கார்ந்திருக்கும். இவர் இங்கிருந்து கத்துவார், அவர் அங்கே எழுதுவார். நாற்பத்தைந்து, ஐம்பத்திரண்டு என்று போய்க்கொண்டிருந்த கத்தல் என் முறைக்கு நூறைத் தாண்டியதும், எழுதுகிறவர் "ஆ?" என்றார். இவர் இன்னும் உரக்கக் கத்தினார். வாங்குகளிலிருந்து கிசுகிசுவும் சிரிப்பும் வந்தன. அடுத்த கிளினிக் நாளில் வாசல் வரை போன என் கால், உள்ளே போகவில்லை. ஃபரீதாவுக்குப் போன் எடுத்து, "டீச்சர், நான் இனிமே வரமாட்டேன், வீட்லயே இருந்துக்கிறேன்" என்றேன்.

"அங்கயே நில்லுங்க புள்ள, ஒரு அடி அசையப்படாது" என்றார். அரைநாள் லீவு போட்டு, முச்சக்கர வண்டியில் வந்து இறங்கினார்.

என் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப் போனார். என்னை முந்திக்கொண்டு தானே தராசில் ஏறினார். வயிற்றில் பிள்ளை இல்லாத, ஐம்பதை நெருங்கிய பெண்! "நோனா, நீங்க இல்ல" என்று நிறை பார்க்கிற பெண் தடுப்பதற்குள், முள் நின்ற இடத்தைப் பார்த்துத் தன் நிறையைச் சிங்களத்தில் ஒரு கூவல் கூவினார். என்னுடையதை விட அது கூட. மறுமூலைக்காரர் பேனாவைத் தூக்கிக்கொண்டு வாய் பிளந்திருந்தார். "எழுதிக்கங்க மகள், பொய் இல்ல" என்றார் ஃபரீதா. மண்டபமே சிரித்தது, ஆனால் அது வேறு சிரிப்பு. அதன் பிறகு என் நிறையைக் கத்தியபோது ஒருவரும் திரும்பவில்லை. ஒவ்வொரு கிளினிக் நாளும் அவர் வந்தார். வாங்கில் இருந்தபடி அவர் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: "டாக்டர் சொல்றத எல்லாம் கேளுங்க. வாங்குல ஈக்கிறவங்க சொல்றத ஒண்டும் கேக்காதீங்க."

கேட்டேன். எனக்குச் சீனி வருத்தம் வந்தது, மறைக்க ஒன்றுமில்லை. சோற்றைக் குறைத்தேன், நடந்தேன், விரலைக் குத்தி இரத்தம் பார்த்தேன். மெலிந்த பெண்களுக்கும் அது வருகிறது, அவர்களிடம் யாரும் "ஏன் இப்படி ஆனாய்?" என்று கேட்பதில்லை.

ஏழாம் மாதத்தில்தான் உயிர் போய் வந்தது. பிரஷர் பார்க்கத் தாதி மிஸ்ஸி என் கையில் பட்டியைச் சுற்றினார். சுற்று எட்டவில்லை. இழுத்து ஒட்டினார். காற்று ஏறியதும் பர்ரென்று பிரிந்து தெறித்தது. திரும்பவும் இறுக்கி, கையால் அமுக்கிப் பிடித்துக்கொண்டு பார்த்தார். பிரஷர் தாறுமாறாக இருக்கிறது என்றார். இளம் டாக்டர் ஒருவர் வந்து எண்ணைப் பார்த்து முகம் மாறினார். உடனே வாட்டில் சேர வேண்டும், குறையாவிட்டால் பிள்ளையை இப்போதே எடுக்க வேண்டி வரலாம் என்றார். ஏழாம் மாதப் பிள்ளை! எனக்குக் கண் இருட்டியது.

ஃபரீதா எழுந்தார். அவர் சிங்களத்தில் சொன்னது நான்கே சொற்கள்: "மிஸ்ஸி, லொக்கு எக்க கேன்ன." பெரியதைக் கொண்டு வாருங்கள்.

இதுதான் இருக்கிறது என்றார் மிஸ்ஸி. "பெரிய பட்டி ஒண்டு ஈக்கணும். சின்னத இறுக்கினா பிரஷர் கூடத்தான் காட்டும். என்ட ரெண்டாவது மகன் வயித்துல ஈக்கும்போது இப்பிடிக் காட்டித்தான் என்னைய வாட்டுல போட்டாங்க, பொறகு பெருச வெச்சுப் பாத்தா ஒண்டுமில்ல" என்று டாக்டரிடம் தமிழும் சிங்களமுமாகச் சொன்னார். அந்த டாக்டர் நல்ல பிள்ளை. அவர் கோபிக்கவில்லை, "அம்மா சொல்றது சரி" என்றார். பக்கத்து வாட்டு அலுமாரியில் உறை பிரிக்காமல் ஒரு பெரிய பட்டி கிடந்தது. அதை அவரே கொண்டு வந்து, என்னை ஆறுதலாக உட்கார வைத்து, தானே பார்த்தார். கொஞ்சம் கூடத்தான், ஆனால் பயப்பட ஒன்றுமில்லை, வீட்டுக்குப் போகலாம், அடுத்த வாரம் வாருங்கள் என்றார். நான் தேம்பித் தேம்பி அழுதேன். இந்தக் கை இப்படிப் பெருத்துக் கிடக்கிறதே என்று கையையே அடித்துக்கொண்டேன். ஃபரீதா அந்தக் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"புள்ள, ஒங்கட கை பெருசில்ல. பட்டி தான் சின்னது."

ஒன்பதாம் மாதம் வளைகாப்பு. சபையில் உட்கார வைத்து நாலு பேர் கண் பட வேண்டாம் என்று மாமியார் இழுத்தார். இந்த உடம்பைச் சபையில் காட்ட அவருக்குத்தான் வெட்கம் என்பது எனக்குத் தெரியும். கண்டி நகரில் கடை கடையாக ஏறினோம். என் கைக்குக் கண்ணாடி வளையல் கிடைக்கவில்லை. கடைசிக் கடையில் பெட்டியிலிருந்த பெரிய அளவை எடுத்து என் விரல் முட்டியில் வைத்துத் தள்ளிப் பார்த்த கடைக்காரர், "இந்தக் கைக்கு ஒண்ணும் ஏறாதுங்க" என்றார். எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை, "கை பெருசில்லங்க, ஒங்க வளையல்தான் சின்னது" என்று நான் சொல்லிவிட்டேன். பக்கத்தில் நின்ற ஃபரீதா என் முதுகில் ஒன்று போட்டார்.

அவருடைய கணவருக்குத் திகனயில் இரும்புக்கடை. பெரஹெரா ஊர்வலத்தில் ஆடுகிறவர்களுக்குப் பித்தளை அணிகலன் செய்யும் பாஸ் ஒருவர் அங்கே தகடு வாங்க வருவார். தையல் பாடத்துக்கு வைத்திருந்த அளவு நாடாவால் ஃபரீதா என் மணிக்கட்டை அளந்து, அவரிடம் கொடுத்துவிட்டார். எந்த ஆட்டக்காரருக்கு என்று பாஸ் கேட்டாராம். "ஆடப் போறவ இன்னம் பொறக்கல்ல" என்றாராம் இவர். வளையல் இரண்டும் என் மணிக்கட்டில் கச்சிதமாக உட்கார்ந்தன. வளையல் ஓசை வயிற்றுப் பிள்ளைக்குக் கேட்க வேண்டும் என்பார்கள். கையை ஆட்டினேன், பித்தளையும் பித்தளையும் மோதித் தெருவுக்கே கேட்டது. முக்காட்டோடு முன்வரிசையில் இருந்த ஃபரீதா, "இன்னம் ஒருக்கா ஆட்டுங்க" என்றார். மாமியாரும் சிரித்துவிட்டார். அன்று நான் அழகாக இருந்தேன். அதை இன்னொருவர் வாயால் கேட்கக் காத்திருக்காமல் நானே சொல்கிறேன்.

பிள்ளையைச் சத்திரசிகிச்சை செய்துதான் எடுத்தார்கள். முதுகில் ஊசி போட இடம் தேடிக் களைத்தார்கள், கட்டிலுக்கு மாற்ற ஆள் கூப்பிட்டார்கள். காயம் ஆறச் சுணங்கியது. வலி எல்லாம் வலிதான், குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் தர்ஷினி முழுசாக, கத்திக்கொண்டு வந்தாள். பார்க்க வந்த ஃபரீதா பிள்ளையின் மணிக்கட்டு மடிப்பில் விரலை வைத்து, "மாஷா அல்லாஹ், இவக்கும் பெரிய பட்டி தான்" என்றார். தையல் வலிக்க வலிக்கச் சிரித்தேன்.

ஜனாஸா முடிந்து சில நாள் கழித்து ஃபரீதாவின் கணவர் போன் எடுத்தார். நுஸ்ரா கிளினிக்குக்குப் போக மாட்டேன் என்கிறாளாம். உம்மாவுக்கு நடந்தது தனக்கும் நடக்கும் என்று அறைக் கதவைச் சாத்திக்கொண்டு இருக்கிறாளாம். அரைநாள் லீவு போட்டுத் திகனவுக்குப் போனேன். "நுஸ்ரா, நான் பக்கத்துல நிப்பேன், எந்திரிச்சி வாங்க" என்று மட்டும் சொன்னேன். எழுந்து வந்தாள்.

அங்கேயும் தராசு ஒரு மூலை, கொப்பி ஒரு மூலை. நுஸ்ராவின் முறை வந்ததும் அவள் நின்றுவிட்டாள். நான் செருப்பைக் கழற்றினேன். தராசில் ஏறி, என் ஓட்டைச் சிங்களத்தில் என் நிறையைக் கூவினேன். எழுதுகிறவர் "ஆ?" என்றார். இன்னொரு முறை கூவினேன். மண்டபம் சிரித்தது. நுஸ்ரா கையால் வாயைப் பொத்தினாள், உம்மா போன பிறகு அவள் சிரித்து அன்றுதான் பார்த்தேன். பிறகு ஏறினாள்.

அடுத்தது பிரஷர். மிஸ்ஸி பட்டியைச் சுற்றினார், எட்டவில்லை. இழுத்துப் பிடித்தார். என் வாய் திறந்துவிட்டது, ஆனால் எனக்கு முன்னால் அந்தக் குரல் வந்தது. முதலில் மெதுவாக, பிறகு மறுமூலைக்கும் கேட்கிற மாதிரி.

"மிஸ்ஸி, லொக்கு எக்க கேன்ன."

மிஸ்ஸி எழுந்து அலுமாரிப் பக்கம் போனார். நுஸ்ரா அபாயாவின் கையை மேலே சுருட்டி, அந்தப் பெரிய வெள்ளைக் கையை மேசை மேல் நீட்டி வைத்துக்கொண்டு காத்திருந்தாள். ஃபரீதா டீச்சர் விட்டுப் போனவற்றில் பித்தளை வளையல் இரண்டு என் வீட்டில் இருக்கின்றன. குரலை மகள் வைத்திருக்கிறாள். நான் வைத்திருப்பது, பக்கத்தில் நிற்கிற அந்த இடம்.