டாவும் டியும்

எங்கள் வீட்டில் யாரும் எழுதி வைக்காத ஒரு சட்டம் இருந்தது. அப்பா என்னை ‘டா’ போட்டுக் கூப்பிட்டால் கொஞ்சுகிறார் என்று அர்த்தம். ‘டி’ போட்டால் அடி விழப்போகிறது என்று அர்த்தம். ‘வாடா கண்ணு, சாப்டியா?’ என்றால் தைரியமாகப் பக்கத்தில் போய் உட்காரலாம். ‘எங்கடி போன இவ்ளோ நேரம்?’ என்றால் அம்மாவின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ள வேண்டும். பெண்பிள்ளை பெற்ற பாதித் தமிழ்நாட்டில் இதுதான் வழக்கம். மகளைக் கொஞ்ச டா, திட்ட டி. ஏன் அப்படி என்று எந்த அப்பனும் உட்கார்ந்து யோசித்திருக்க மாட்டான். எனக்குத்தான் யோசிக்க வேண்டிவந்தது. நான் மகளாகப் பிறந்து வளர்ந்த திருநம்பி.

அப்போது நாங்கள் ஆவடி குவாட்டர்ஸில் இருந்தோம். அப்பாவுக்கு ராணுவச் சீருடை தைக்கிற தொழிற்சாலையில் வேலை. சாயங்காலம் சங்கு ஊதியதும் கேட்டிலிருந்து சைக்கிள்கள் கொட்டும். அந்தக் கூட்டத்தில் அப்பாவின் சைக்கிள் மணியை மட்டும் தனியாகக் கண்டுபிடித்துவிடுவேன். ‘ஏறுடா’ என்பார். முன்கம்பியில் துண்டை மடித்துப் போட்டு உட்கார வைப்பார். அவர் சட்டையில் புதுத் துணியின் கஞ்சி வாசனை அடிக்கும். போண்டாக் கடையில் நிறுத்துவோம். பேன் தொல்லைக்காக அம்மா என் தலையை ஒட்ட வெட்டியிருந்தாள். நான் போட்டிருந்ததும் டவுசர். கடைக்காரர் ஒருநாள், ‘பையன் உங்கள மாதிரியே கீறான்’ என்றார். அப்பா விழுந்து விழுந்து சிரித்தார். ‘இது பொண்ணுங்க. ஆனா எனக்குப் பையன் மாதிரி’ என்றார்.

அந்தப் போண்டாவின் ருசி இன்னும் என் நாக்கில் இருக்கிறது. பையன் மாதிரி. அந்த வாக்கியத்தை அப்பா ஊரெல்லாம் சொன்னார். நான் பல்பு மாட்டினால் சொல்வார், சிலிண்டர் உருட்டினால் சொல்வார், தெருப்பையன் ஒருவனின் மூக்கை உடைத்துவிட்டு வந்தபோதுகூட திட்டி முடித்துவிட்டுச் சொன்னார். அதற்கு அப்புறம் எத்தனையோ பேர் என்னைப் பாராட்டியிருக்கிறார்கள், எதுவும் அந்த அளவுக்கு இனித்ததில்லை.

அப்பா ஓய்வு பெற்றதும் திருநின்றவூரில் சின்னதாக வீடு கட்டிக்கொண்டு வந்தோம். எனக்கு அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் வேலை. மார்பை இறுக்கிப் பிடிக்கிற ஒரு பனியனை உள்ளே போட்டுக்கொண்டு, அதற்கு மேல் தொளதொள டி-ஷர்ட்டோடு, மே மாத ரயிலில் நின்றபடி போவேன். மூச்சு முட்டும். விலா எலும்பில் தழும்பு விழும். ஒருநாள் வேலையிலிருந்து திரும்பி வந்து, எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்று முடிவு பண்ணினேன். அப்பா கூடத்தில் துணியை விரித்துக் கத்தரித்துக்கொண்டிருந்தார்.

‘நான் பொண்ணு இல்லப்பா. வெவரம் தெரிஞ்ச நாள்லேருந்தே இல்ல. நீகூட சொல்வியேப்பா, பையன் மாதிரின்னு. அந்த மாதிரிய மட்டும் எடுத்துடுப்பா.’

வாரக்கணக்கில் ஒத்திகை பார்த்த வசனம் அது. சிரிப்பார் என்றுகூட நினைத்திருந்தேன், என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். அப்பா கத்தரிக்கோலைக் கீழே வைத்தார். வெட்டின துணியை மடித்தார். ‘போய் சாப்புடும்மா’ என்றார்.

அன்றிலிருந்து நான் ‘ம்மா’ ஆகிவிட்டேன். வாம்மா, போம்மா, மோட்டார ஆஃப் பண்ணும்மா. டாவும் போய்விட்டது, டியும் போய்விட்டது. பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் பேசுகிற மரியாதை. திட்டுவதுகூட இல்லை. நான் வேண்டுமென்றே செருப்பைக் கூடத்தில் விட்டுப் பார்த்தேன், அதைத் தானே எடுத்து ஓரமாக வைத்தார். கோபப்படக்கூட உரிமை இல்லாதவர் மாதிரி நடந்துகொண்டார். அது எனக்கு எரிச்சல், அழுகை இரண்டையும் சேர்த்துக் கொடுத்தது. அம்மா மட்டும் சீக்கிரமே ஒரு வழி கண்டுபிடித்துவிட்டாள். என்னைச் ‘சாமி’ என்று கூப்பிட ஆரம்பித்தாள். சாமிக்கு ஆண் பெண் கிடையாதே, கெட்டிக்காரி.

இப்படியே சில வருஷங்கள் போயின. மார்பு ஆபரேஷனுக்குத் தேதி கிடைத்ததும் டாக்டர் அம்மாவை உட்கார வைத்து எல்லாவற்றையும் விளக்கினார். கையைத் தோளுக்கு மேல் தூக்கக் கூடாது. கனமான எதையும் எடுக்கக் கூடாது. மல்லாந்துதான் படுக்க வேண்டும். காயத்திலிருந்து நீர் வடிய இரண்டு பக்கமும் குழாய் வைப்பார்கள், அதன் நுனியில் எலுமிச்சம்பழ அளவில் ஒரு பிளாஸ்டிக் குமிழ் தொங்கும். வீட்டுக்கு வந்ததும் அம்மா வேலையை ஆரம்பித்தாள். பரணிலும் மேல்தட்டிலும் இருந்த என் சாமான்கள் எல்லாம் இடுப்பு உயரத்துக்கு இறங்கின. காப்பித்தூள் டப்பா, என் டம்ளர், போன் சார்ஜர், சீப்பு. சமையலறை ஏதோ குள்ளர்கள் குடிவரப்போகிற வீடு மாதிரி ஆகிவிட்டது. ‘சீப்பு எதுக்கும்மா, கையைத்தான் தூக்க முடியாதே?’ என்றேன். ‘நான் சீவிவிடப் போறேன். எனக்குக் கைக்கெட்டற தூரத்துல வேணாமா?’ என்றாள்.

அந்தக் குமிழ்களை எங்கே மாட்டிக்கொண்டு நடப்பது என்று அம்மா அப்பாவிடம் புலம்பியிருக்கிறாள். மறுநாள் காலையில் அப்பா இஞ்ச் டேப்போடு என் அறை வாசலில் நின்றார். ‘அளவு குடும்மா’ என்றார். தோள், கை, உயரம் எல்லாம் அவரே எடுத்தார். மார்பளவு வந்ததும் டேப்பை அம்மாவிடம் நீட்டிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அன்று முழுக்க மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. முன்பக்கம் பட்டன் வைத்த மெல்லிய பருத்திச் சட்டைகள். ஒவ்வொன்றிலும் உள்ளே இரண்டு பக்கமும் பாக்கெட், குமிழ் வைக்க. தையல் உடம்பில் உரசாமல் இருக்கப் பிசிறை மடித்து அடித்திருந்தார்.

சட்டை தைத்துக் கொடுத்தாரே தவிர, ஆஸ்பத்திரிக்கு வரவில்லை. ‘ஊட்டப் பாத்துக்க ஆள் வேணாமா’ என்றார். திருநின்றவூரில் எங்கள் வீட்டை எவன் தூக்கிக்கொண்டு போகப் போகிறான்? எனக்கு வந்த ஆத்திரத்தில், ‘வீட்டையே பாத்துக்க’ என்று சொல்லிவிட்டு அம்மாவோடு ஆட்டோவில் ஏறினேன். ஆட்டோ என் நண்பனுடையது. ஆவடியில் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தவன். நான் அவனிடம் முதலில் விஷயத்தைச் சொன்னபோது, ‘அதான் எனக்குத் தெரியுமே மச்சான், வேற இன்னா?’ என்று கேட்டவன்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. மயக்கம் தெளிந்தபோது மார்பின் மேல் அம்மிக்கல்லை வைத்தாற்போல் பாரம். ஆனாலும் ஒரு நிம்மதி. இவ்வளவு காலம் சுமந்தது இறங்கிவிட்டது என்பது அந்த அரை மயக்கத்திலும் தெரிந்தது. சந்தோஷத்தில் அழுதேன், நர்ஸ் வலி என்று நினைத்து ஊசி போட்டுவிட்டார். திரும்பி வரும்போது நண்பன் ஆட்டோவைத் தேர் மாதிரி ஓட்டினான். பின்னால் வந்தவர்கள் எல்லாம் ஹாரன் அடித்துத் திட்டிக்கொண்டு போனார்கள்.

‘மச்சான், பள்ளம் வர்து, புட்ச்சிக்க.’

‘கையத் தூக்க முடியாதுடா, எதப் புடிக்கிறது?’

‘அப்ப மனச புட்ச்சிக்க மாமே.’

சிரித்தால் தையல் இழுக்கும். ‘சிரிப்பு காட்டாதடா பாவி’ என்று அம்மா அவன் தோளில் அடித்தாள்.

வீட்டு வாசலில் அப்பா நின்றிருந்தார். அவர் தைத்த சட்டையைத்தான் போட்டிருந்தேன், உள்பாக்கெட்டில் குமிழ்கள் பத்திரமாக இருந்தன. ஆட்டோவிலிருந்து இறங்கும்போது கால் கொஞ்சம் தடுமாறியது. அப்பா ஓடிவந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டார். ‘மெதுவாடா கண்ணு’ என்றார்.

அந்த டாவுக்காக எத்தனை வருஷம் ஏங்கியிருந்தேன்! ஆனால் படுக்கையில் மல்லாந்து படுத்துக்கொண்டு மின்விசிறியைப் பார்க்கிறவனுக்கு யோசிப்பதைத் தவிர வேறு வேலை கிடையாது. இது எந்த டா? குவாட்டர்ஸில் காய்ச்சல் வந்தபோதெல்லாம் நெற்றியில் கைவைத்துச் சொன்ன அதே டா. அதே கண்ணு. மகளைக் கொஞ்சுகிற டா. அப்படியென்றால் இவர் என்னை ஏற்றுக்கொள்ளவில்லை, உடம்பு சரியில்லாத தன் பெண்ணைத்தான் திரும்பத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறார். கஞ்சி கொண்டுவந்து, ‘ஒரு வாய்டா’ என்பார். எனக்கு வாங்கிக்கொள்ளவும் ஆசை, தட்டிவிடவும் ஆசை. கையைத் தூக்க முடியாததால் வாங்கிக்கொண்டேன்.

ஒருநாள் பொறுக்க முடியாமல் அம்மாவிடம் கேட்டேன். ‘அப்பா கூப்புடற டா, பொண்ணுக்கா, பையனுக்கா?’

அம்மா பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். ‘ரெண்டும் ஒரே எழுத்துதான சாமி’ என்றாள்.

‘ரெண்டும் ஒண்ணு இல்லம்மா.’

‘அப்ப அவரயே கேளு. ஏன் என் உசுர வாங்கற?’

கேட்கவில்லை. என்ன பதில் வந்துவிடுமோ என்று பயம்.

குழாய்களை எடுத்தார்கள். கட்டும் பிரிந்தது. அம்மா பீரோக் கண்ணாடியைத் துடைத்துவிட்டுக் கதவை ஒருக்களித்து வைத்துப் போனாள். சட்டைப் பட்டன்களை ஒவ்வொன்றாகக் கழற்றினேன். வீக்கமும் கருநீலமும் இரண்டு கோணல் கோடுகளுமாக, பார்க்கச் சகிக்கவில்லை. இருந்தாலும் அது என் மார்பு. குவாட்டர்ஸ் தெருவில் பையன்களோடு சட்டையில்லாமல் மழையில் குதித்த ஏழு வயதுக்குப் பிறகு நான் பார்க்காத மார்பு. அம்மா என்னை உள்ளே இழுத்து, ‘இனிமே சட்டை போடாம வெளிய போகக் கூடாது’ என்று சொன்ன நாளில் தொலைத்தது. ரொம்ப நேரம் கண்ணாடி முன்னாலேயே நின்றேன்.

வீக்கம் வடிந்ததும் சட்டைகள் தொளதொளத்தன. அப்பா மறுபடி டேப்போடு வந்தார். இந்த முறை அம்மாவைக் கூப்பிடவில்லை. பனியனுக்கு மேல் டேப்பைச் சுற்றி, வலிக்கிறதா என்று என் முகத்தைப் பார்த்துப் பார்த்து அளவெடுத்தார். பக்கவாட்டுத் தையலை உள்ளே தள்ளிப் பிடித்து, சட்டையை எனக்குக் கச்சிதமாக்கிக் கொடுத்தார்.

அதற்குப் பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை. அம்மா மார்க்கெட்டுக்குப் போயிருந்தாள், அப்பா பால் வாங்கப் போயிருந்தார். தண்ணீர் கேன் போடுகிறவர் வழக்கம்போல் கேனை வாசலில் வைத்துவிட்டுப் போய்விட்டார். நன்றாகத்தான் இருக்கிறோமே என்று எனக்கு ஒரு திமிர். சிலிண்டர் உருட்டிய ஆள் அல்லவா நான். கேனைக் கட்டிப்பிடித்துத் தூக்கினேன். வராந்தாவின் இரண்டாவது படியில் கால் வைத்தபோது கேட் திறக்கும் சத்தம் கேட்டது.

‘டேய்!’

தெருவே திரும்பிப் பார்த்தது. பால் பாக்கெட்டை அப்படியே போட்டுவிட்டு அப்பா ஓடிவந்தார்.

‘அறிவு கெட்டவனே, எறக்குடா கீழ. டாக்டர் படிச்சிப் படிச்சி சொல்லி அனுப்பிருக்காரு. தையல் பிரிஞ்சா யார்டா பாக்கறது? எருமமாடு மாதிரி வளந்துகினு, தண்ணி கேன தூக்கறானாம். மண்டையில எதனா கீதாடா ஒனக்கு?’

வாழ்க்கையில் முதல்முறையாக அப்பா என்னைக் கோபத்தில் டா போட்டார். கொஞ்சல் ஒரு சொட்டுக்கூட இல்லை. டி வர வேண்டிய இடத்தில், யோசிக்காமல், தன்னால் வந்த டா. கெட்டவனே. தூக்கறானாம். அவர் கேனைப் பிடுங்கி உள்ளே கொண்டுபோய் ஸ்டாண்டில் கவிழ்த்தார். அங்கிருந்தும் திட்டிக்கொண்டே இருந்தார். எதிர்வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். நான் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது.

அம்மா பையைத் தூக்கிக்கொண்டு கேட்டைத் திறந்து உள்ளே வந்தாள். என் முகத்தைப் பார்த்ததும் பையைக் கீழே போட்டுவிட்டாள்.

‘என்ன சாமி, ஏன் அழற? வலிக்குதா?’

‘அப்பா திட்டிட்டாரும்மா’ என்றேன்.