இல்லாத பெட்டியை வாங்கிக்கொள்ளுதல்

எங்கள் நாடகக் குழுவுக்கு எழுதிவைத்த வசனம் கிடையாது. மேடையேறிய பிறகுதான் கதையே பிறக்கும். அதற்கு உடம்பையும் வாயையும் பழக்க, ஞாயிறு காலைகளில் திண்டுக்கல்லில் ஒரு டியூஷன் சென்டரின் மாடியில் கூடுவோம். கைகால்களை உதறுவோம், சிங்கம்போல் வாயைத் திறப்போம், எண் சொல்லிக் கைதட்டுவோம். முதல் வாரம் எதிர்வீட்டுக்காரர் படியேறி வந்து, யாருக்காவது உடம்பு சரியில்லையா என்று விசாரித்துவிட்டுப் போனார்.

பயிற்சியாளர், சென்னையில் நாடகம் படித்துத் திரும்பிய உள்ளூர்ப் பெண். அவருக்குப் பிடித்தது பெட்டிப் பயிற்சி. வட்டமாக நிற்போம். ஒருவர், இல்லாத பெட்டி ஒன்றை அடுத்தவரிடம் நீட்டுவார். அவர் உடனே வாங்கித் திறந்து, உள்ளே இருப்பதாகத் தோன்றுவதைச் சொல்லி நன்றி கூற வேண்டும். எதிராளி கொடுப்பதை மறுத்தால் காட்சி அங்கேயே செத்துவிடும் என்பது பயிற்சியாளரின் கட்சி. மறுத்தவர் சுவரோரம் போய் நிற்க வேண்டும்.

நான் பத்திரிகையில் செய்தி திருத்துகிறவன். பெட்டியை வாங்கியதும் "யார் அனுப்புனது?" என்று கேட்டு ஒருமுறை சுவரோரம் நின்றேன். அங்கே நிரந்தரமாக நின்றவர், எரியோட்டிலிருந்து வரும் கணக்கு டீச்சர்.

தோல் வியாபாரம் செய்யும் பாய் பெட்டியை நீட்டினால், டீச்சரின் இரண்டு கைகளும் முதுகுக்குப் பின்னால் போய்விடும்.

"ஐயய்யோ, எதுக்கு பாய் இதெல்லாம்?"

"அட, சும்மா பிடிங்க டீச்சர்."

"வேணாம் வேணாம். வீட்ல பிள்ளைகளுக்குக் குடுங்க."

"அதுகளுக்கு வேற இருக்கு."

பாய் விடமாட்டார். இல்லாத பெட்டியை டீச்சரின் கைப்பைக்குள் திணிப்பார். டீச்சர் அதை வெளியே எடுத்து நாற்காலியில் வைப்பார். "இம்புட்டு தூரம் தூக்கிட்டு வந்துருக்காரு, வாங்கிக்கங்க" என்று மற்றவர்களும் சேர்ந்துகொள்வார்கள். எங்கள் பக்கம் எதையும் முதல்முறையே கைநீட்டி வாங்குவது மரியாதையில்லை. பயிற்சியாளர் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிடுவார்.

ஒரு கல்லூரியில் எங்கள் முதல் நிகழ்ச்சி முடிவானது. அதற்கு முந்தைய ஞாயிறும் டீச்சர் வாங்கவில்லை.

"இந்தத் தடவை நீங்க கீழ உக்காந்து பாருங்க டீச்சர்" என்றார் பயிற்சியாளர்.

டீச்சரின் முகம் வாடிவிட்டது. "மாமியா, நாத்தனா, அவங்க பிள்ளைகன்னு எல்லாரும் வேன் பேசியாச்சும்மா. நான் மேடையில இல்லேன்னா அம்புட்டுப் பேரும் வந்து யாரப் பாக்குறது?"

டீச்சர் பையிலிருந்து நிஜமான டிபன் பாக்ஸ் ஒன்றை எடுத்துப் பயிற்சியாளரிடம் நீட்டினார். வருத்தம் இருந்தாலும், கொண்டுவந்ததைத் திருப்பி எடுத்துப்போக அவருக்கு மனம் வராது.

"பணியாரம். எடுத்துக்கங்க."

"ஐயோ, வேணாம் டீச்சர். இப்பத்தான் சாப்ட்டு வாரேன்" என்றார் பயிற்சியாளர்.

பாய் சுவரைக் காட்டினார். பயிற்சியாளர் எழுந்துபோய்ச் சுவரோரம் நின்றார். அங்கிருந்தபடியே கையை நீட்டினார்.

இரண்டாவது பணியாரத்தின் நடுவில், "சரி, முதல் காட்சி நீங்கதான். கை பின்னால போகக் கூடாது" என்றார்.

டீச்சர் வாரம் முழுக்கப் பழகினாராம். பஸ்ஸில் கண்டக்டர் டிக்கெட்டைக் கிழிக்கும் முன்பே பிடுங்கி வசவு வாங்கினாராம்.

நிகழ்ச்சியன்று பாய் கையை உயர்த்துவதற்குள் டீச்சர் பெட்டியைப் பறித்துத் திறந்தார். "ஆட்டுக்குட்டி! ரொம்ப நன்றி பாய்!" மாணவர்கள் கைதட்டினார்கள். அது அடங்கும்போது, வேனில் வந்த கூட்டத்திலிருந்து மாமியாரின் குரல் தெளிவாகக் கேட்டது.

"ஒரு பேச்சுக்காச்சும் வேணாங்குறாளா பாரு!"

அரங்கம் சிரித்தது. டீச்சரின் கைகள் பின்னால் போகத் துடித்ததை நான் பார்த்தேன். அவர் பெட்டியை மூடி, மேடை விளிம்புக்கு வந்து குனிந்து நீட்டினார்.

"இந்தாங்கத்தே. உங்களுக்குத்தான்."

மாமியார் இரண்டு கைகளையும் முந்தானைக்குள் இழுத்துக்கொண்டார்.

"எனக்கெதுக்குத்தா? நீயே வச்சுக்க."